மிட்டாய் இயந்திரத்துக்கு எந்த வாரம் போக வேண்டும்?

அமெரிக்காவில் முடிதிருத்தும் கடை, காசு போட்டுத் துணி துவைக்கும் கடை, பீட்சாக் கடை, கார் பட்டறை என்று எங்கே காத்திருக்க நேர்ந்தாலும், வாசலோரத்தில் ஓர் இரும்புக் காலின்மேல் கண்ணாடிக் குடுவை நிற்பதைப் பார்க்கலாம். உள்ளே நிறம் நிறமாகக் கம் உருண்டைகள் இருக்கும். இல்லையென்றால் எம் அண்ட் எம்ஸ், ஸ்கிட்டில்ஸ், வேர்க்கடலை. கால் டாலர் காசை வைத்துப் பிடியைத் திருகினால் உள்ளங்கை அளவு மிட்டாய் வந்து விழும். 1888-இல் நியூயார்க்கின் மேம்பால ரயில் மேடைகளில் தாமஸ் ஆடம்ஸின் நிறுவனம் 'டூட்டி ஃப்ரூட்டி' கம் விற்கப் பொறிகளை வைத்தது. அந்தப் பரம்பரையில் வந்தவைதான் இவை. நம் ரயில் நிலையங்களில் காசு போட்டால் எடைச் சீட்டு தந்த பொறியை நினைத்துக்கொண்டால் இதன் குணம் பிடிபட்டுவிடும்.

இதற்கு மின்சாரம் வேண்டாம். காசுதான் சாவி. பிடிக்குப் பின்னால் ஒரு வட்டத் தட்டு. அதில் காசு உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம். பள்ளம் காலியாக இருந்தால், திருகும்போது வில்விசையோடு கூடிய கொக்கி ஒன்று அதற்குள் விழுந்து தட்டைப் பூட்டிவிடும். சரியான அளவுள்ள காசு பள்ளத்தை நிரப்பியிருந்தால் கொக்கி விழ இடமில்லை, காசின்மேல் வழுக்கிக்கொண்டு போகும், தட்டு சுழலும். அந்தச் சுழற்சி பற்சக்கரத்தின் வழியாக மேலே உள்ள குழிச்சக்கரத்தைத் திருப்ப, ஒரு குழி நிறைய மிட்டாய் வாய்க்கு வந்து கொட்டும். குழிக்கு மேல் துருத்தி நிற்கும் மிட்டாயை ஒரு தூரிகை தள்ளிவிடும். 1965-இல் அமெரிக்க அரசு கால் டாலரிலிருந்து வெள்ளியை எடுத்துவிட்டுச் செம்பு–நிக்கல் அடுக்குக் காசாக மாற்றியது. விட்டமும் தடிமனும் மாறாததால் பழைய பொறிகள் எந்தச் சங்கடமும் இல்லாமல் புதுக் காசையும் ஏற்றுக்கொண்டன.

மின்சாரம் இல்லை என்பதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. குளிர்பானம், சிப்ஸ் விற்கும் பெரிய இயந்திரங்கள் இப்போது தம் இருப்பைத் தாமே அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகின்றன. இந்தக் குடுவைக்கு வாய் கிடையாது. நிறைந்திருக்கிறதா, வறண்டுபோய்ப் பத்து நாள் ஆகிறதா என்பது நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இவற்றை வைத்துப் பிழைப்பவர் பெரும்பாலும் தனி ஆள். ஒரு வேன், சில டஜன் அல்லது நூறு நூற்றைம்பது இயந்திரங்கள். வரவு எல்லாம் கால் கால் டாலராக வருகிறது. அப்படிப்பட்ட தொழிலில் ஒரு வீண் பயணம் என்பது பெரிய செலவு.

திறமையாக ரூட் பார்ப்பது என்றதும் எல்லோருடைய மனமும் வரைபடத்துக்குத்தான் போகிறது: எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனால் தூரம் குறையும்? அந்தக் கேள்வி முக்கியம்தான், ஆனால் அது இரண்டாவது கேள்வி. போகாமலே இருந்திருக்கக்கூடிய இடத்துக்குக் குறுக்கு வழியில் போய் என்ன பயன்? முதல் கேள்வி, எந்த இயந்திரத்துக்கு எந்த வாரம் போவது என்பது. லாபத்தின் பெரும்பகுதி நாள்காட்டியில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. அதற்கான கணிதம் பல பத்தாண்டுகளாகக் கைவசம் இருக்கிறது. ஒரு பென்சிலும் நோட்டும் இருந்தால் போதும்.

விற்பனைக் கணக்கிலிருந்து தொடங்குவோம். கால் டாலர் காசின் எடை 5.67 கிராம். 80 காசு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, மதிப்பு 20 டாலர். ஆயிரம் டாலருக்குக் காசு சேர்ந்தால் 22.68 கிலோ, ஓர் அரிசிச் சிப்பத்தின் கனம். ஆகவே காசை எண்ண வேண்டியதே இல்லை, நிறுத்தால் போதும். ஓர் இயந்திரத்தின் காசுப் பெட்டியில் 680 கிராம் இருந்தால் அது 120 காசு, 30 டாலர். போனமுறை வந்து 30 நாள் ஆகியிருந்தால் நாளொன்றுக்கு 4 விற்பனை. பேச்சில்லாத இயந்திரம் தன் வரலாற்றை எடையாகச் சொல்லிவிட்டது.

இதற்கு ஒரே நிபந்தனை, ஒவ்வோர் இயந்திரத்தின் காசையும் தனித்தனிப் பையில் போட்டு, பையின்மேல் இடமும் தேதியும் எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டுகிறவருக்கு அன்றைய மொத்த வரவு தெரியும்; எந்தக் கடை சம்பாதித்தது, எந்தக் கடை தூங்கியது என்பது தெரியாது. ஒரு பைக்கு அரை நிமிடம் கூடுதலாக ஆகும். முழுத் தொழிலுக்கும் அடித்தளமான தகவல் அந்த அரை நிமிடத்தில் கிடைக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. போய்ப் பார்க்கும்போது குடுவை காலியாக இருந்தால், அந்த எடை உண்மையான கிராக்கியைச் சொல்லாது. 120 காசோடு மிட்டாய் தீர்ந்திருந்தால், அது 30 நாளில் தீர்ந்ததா, 15 நாளிலேயே தீர்ந்ததா? நாளைக்கு 4 விற்பனையா, 8-ஆ? புள்ளியியலார் இதைத் தணிக்கையுற்ற தரவு (censored data) என்பார்கள். இதைக் கவனிக்காமல் சராசரி போட்டால், நன்றாக ஓடும் இடம் சுமாரான இடம்போலக் கணக்கில் தெரியும், அடுத்த முறையும் தாமதமாகவே போவோம், மறுபடியும் காலி. நல்ல இடங்கள் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் வீணாகின்றன. நோட்டில் காசின் எடைக்குப் பக்கத்தில் 'காலி' என்ற ஒரு சொல்லை எழுதி வைத்தால் இந்தத் தவறு நேராது.

சரி, விற்பனை வேகம் தெரிந்துவிட்டது. எத்தனை நாளைக்கு ஒருமுறை போவது? அடிக்கடி போனால் பெட்ரோலும் நேரமும் கரையும். எப்போதாவது போனால் மிட்டாய் பழசாகும், குடுவை காலியாகி விற்பனை போகும், காசு பூட்டிக் கிடக்கும். ஒரு செலவு ஏற ஏற இன்னொன்று இறங்கும் இந்த இழுபறிக்கு 1913-இல் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் விடை கண்டார். தொழிற்சாலையில் ஒரே தடவையில் எத்தனை உதிரிபாகங்கள் செய்வது என்பதுதான் அவருடைய கேள்வி. இரு செலவுகளும் சமமாகும் புள்ளியில் மொத்தச் செலவு மிகக் குறைவு என்று அவர் காட்டினார்.

அவர் வரைந்த கோட்டின் அடிப்பகுதியைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். அது கூரான பள்ளம் இல்லை. அகன்று தட்டையாகக் கிடக்கும் பள்ளம். ஓர் இயந்திரத்துக்கு 30 நாள்தான் மிகச் சரியான இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 30-க்குப் பதில் 21 நாளிலோ 42 நாளிலோ போனாலும் செலவு ஏறத்தாழ 6 விழுக்காடுதான் கூடுகிறது. 60 நாள் கழித்துப் போனால் 25 விழுக்காடு கூடுகிறது. ஆக, சற்று முன்பின்னாகப் போவதற்குத் தண்டனை மிகக் குறைவு. கணிதம் நமக்குத் தரும் இந்தச் சலுகையைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதில்தான் ரூட்டின் வெற்றி இருக்கிறது.

எப்படிப் பயன்படுத்துவது? 1985-இல் ராபின் ரவுண்டி என்ற ஆய்வாளர், ஒரு கிடங்கிலிருந்து பல கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் கணக்கில் ஓர் அழகான முடிவை நிறுவினார். இடைவெளிகளை இஷ்டத்துக்கு வைக்காமல் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் எண்களில் மட்டும் வைத்துக்கொண்டாலும், எட்டக்கூடிய மிகச் சிறந்த திட்டத்தைவிட அதிகபட்சம் 6 விழுக்காடுதான் செலவு கூடும் என்பது அதன் சாரம். காரணம் எளிது. எந்த எண்ணை எடுத்தாலும் அதற்குப் பக்கத்தில் இந்த வரிசையின் எண் ஒன்று இருக்கும். 3 வாரம் என்றால் 4. 6 வாரம் என்றால் 8. 11 வாரம் என்றாலும் 8.

ஒரே சாலையில் அடுத்தடுத்து இரண்டு கடைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு 5 வாரம் ஒருமுறை, மற்றதற்கு 7 வாரம் ஒருமுறை போவதாக வைத்தால், இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் வாய்ப்பு 35 வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். மற்ற எல்லா முறையும் ஒரு கடைக்காகவே வேனை எடுக்க வேண்டும். 5-ஐ 4 என்றும், 7-ஐ 8 என்றும் மாற்றிவிட்டால், எட்டு வாரக் கடையின் முறை வரும் ஒவ்வொரு நாளும் நான்கு வாரக் கடையின் முறையும் சேர்ந்தே வரும். இரண்டு பயணம் ஒன்றாகிவிடுகிறது. கணக்கில் விட்டுக்கொடுத்த 6 விழுக்காட்டைவிடச் சாலையில் மிச்சமாகும் தொகை பெரிது. பக்கத்துக் கடைக்கு எப்படியும் வந்திருக்கும்போது இந்தக் கடையில் நிற்க ஆகும் கூடுதல் செலவு சில நிமிடங்கள் மட்டும்தானே.

ஒரு வரம்பு இருக்கிறது. குடுவையின் கொள்ளளவை எந்தச் சூத்திரமும் மாற்றாது. ஆறு வாரத்தை எட்டாக்கினால் நடுவிலேயே தீர்ந்துவிடும் என்றால் நான்காகக் குறைப்பதே சரி. எப்போதும் ஒரு கையிருப்பும் வேண்டும். எட்டு வாரத்தில் சராசரியாக 300 விற்கும் இடத்தில், வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் வந்தால் ஏற்ற இறக்கம் 300-இன் வர்க்கமூலமான 17-ஐ ஒட்டி இருக்கும். 350 உருண்டை போட்டால் கவலையில்லை. ஆனால் குழந்தைகள் தனியாக வருவதில்லை. பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு வரும் கூட்டம் ஒரு மாலையிலேயே நாற்பது உருண்டையைத் தீர்த்துவிடும். பீட்சாக் கடைக்கு வைக்கும் கையிருப்பு கார் பட்டறைக்கு வைப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

இனி வரைபடத்துக்கு வருவோம். வீட்டிலிருந்து கிளம்பி 10 இடங்களைப் பார்த்துத் திரும்ப 18,14,400 வழிவரிசைகள் உண்டு. 20 இடங்கள் என்றால் அந்த எண்ணிக்கை, 1-க்குப் பின்னால் 18 பூஜ்ஜியங்கள் போட்ட எண்ணையும் தாண்டிவிடும். பயண விற்பனையாளர் சிக்கல் என்று பெயர்பெற்ற இதில் 1954-இல் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் மூவரும் 49 அமெரிக்க நகரங்களுக்கு மிகக் குறுகிய சுற்றைக் கண்டு நிறுவியது பெரும் சாதனையாகக் கருதப்பட்டது. இன்று கைபேசிச் செயலிகளே இருபது இடத்துக்கு நல்ல விடை தந்துவிடும். ஆனாலும் கணினியே இல்லாமல் இதைத் தீர்த்த ஒரு கதை எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடிக்கும்.

அட்லான்டா நகரில் வெளியே போக முடியாத முதியவர்களுக்கு வீடு தேடி மதிய உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு திட்டம் உண்டு. நான்கு வண்டிகள், சுமார் 200 வீடுகள். பட்டியலோ நிலையாக இருக்காது. ஒருவர் மருத்துவமனைக்குப் போவார், ஒருவர் இறந்துவிடுவார், புதிதாக இருவர் சேர்வார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ஜான் பார்த்தோல்டியும் லோரன் பிளாட்ஸ்மனும் இதற்கு உதவ வந்தார்கள். அவர்கள் எடுத்தது 'வெளியை நிரப்பும் வளைவு' என்ற தூய கணிதப் பொருள். 1890-இல் பியானோவும், 1912-இல் சியர்பின்ஸ்கியும் வரைந்து காட்டிய வகை அது: ஒரே கோடு, எங்கும் அறுபடாமல் வளைந்து வளைந்து ஒரு சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுவிடும். நகர வரைபடத்தின்மேல் அந்தக் கோட்டைக் கிடத்தினால், ஒவ்வொரு முகவரியும் கோட்டின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஓர் எண் கிடைத்துவிடும். அந்த எண் வரிசையில் வீடுகளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். கோட்டில் பக்கத்தில் இருப்பவை நிலத்திலும் பக்கத்தில்தான் இருக்கும்.

அவர்கள் கொடுத்தது இரண்டு ரோலோடெக்ஸ் அட்டைச் சுழற்பெட்டிகள். ஒன்றில் பெயர் அகரவரிசை; மற்றதில் வளைவின் எண் வரிசை. ஒருவர் விலகினால் பெயரை வைத்து எண்ணைத் தேடி இரண்டு அட்டையையும் எடுத்துவிடுவார்கள். புதியவர் வந்தால் அவருடைய எண் எங்கே பொருந்துமோ அங்கே செருகுவார்கள். இரண்டாவது பெட்டியை நான்கு சம பாகமாகப் பிரித்தால் நான்கு வண்டிகளின் பாதையும் தயார். மொத்தச் செலவு 50 டாலருக்கும் குறைவு. இப்படிக் கிடைக்கும் பாதை, மிகச் சிறந்த பாதையைவிடச் சராசரியாக 25 விழுக்காடு நீளம். அது குறைதான். ஆனால் ஒரு கண்பார்வையிலேயே அதில் ஒரு பகுதியைச் சரிசெய்துவிடலாம்: பாதை தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் இடம் எங்கிருந்தாலும் அந்த வெட்டை அவிழ்த்து இணைத்தால் நேர்கோட்டுத் தூரம் நிச்சயம் குறையும்.

மிட்டாய் ரூட்டுக்கு இந்த அட்டைப் பெட்டி அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துவதற்குக் காரணம், ஒவ்வொரு வாரமும் போக வேண்டிய இடங்கள் மாறுவதுதான். முழுப் பட்டியலுக்குப் பாதை போட்டு வைத்தால், இந்த வாரம் அதில் பாதி இடம்தான் முறை என்னும்போது எல்லாம் புதிதாகப் போட வேண்டும். வளைவு எண் அப்படியல்ல. எந்த அட்டைகளை உருவி எடுத்தாலும் மிச்சமுள்ளவற்றின் வரிசை குலையாது. நான்கு வார இயந்திரங்களுக்கு ஒரு நிற அட்டை, எட்டு வாரத்துக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால், இந்த வார நிறங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பலாம். எட்டு வார இயந்திரங்களில் ஒரு பகுதியைச் சேர்ந்தவற்றை நான்காம் வாரத்துக்கும், எதிர்ப்பகுதியைச் சேர்ந்தவற்றை எட்டாம் வாரத்துக்கும் பிரித்துவிட்டால் வேலைச்சுமையும் சமமாகும்.

சாலையில் இன்னொன்று. அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் எதிர்வரும் வண்டிகளுக்காகக் காத்திருக்க வேண்டும். யூபிஎஸ் கூரியர் நிறுவனம் தன் பாதைகளில் இடப்பக்கத் திருப்பங்களை முடிந்தவரை தவிர்ப்பது இதனால்தான். நம் ஊருக்கு இது அப்படியே கண்ணாடிப் பிம்பமாக மாறும்.

இயந்திரத்தின் முன்னால் நிற்கும் நிமிடங்களில் வேறொரு அறிவியல் வேலை செய்கிறது. மிட்டாய்க் குவியல் திண்மமும் இல்லை, திரவமும் இல்லை. தண்ணீர்த் தொட்டியில் ஆழம் கூடக் கூட அடியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மணிகளின் குவியல் தன் எடையில் ஒரு பங்கைப் பக்கச் சுவர்மேல் சாய்த்துவிடும். ஓர் அளவுக்குமேல் அடியில் அழுத்தம் ஏறாது. தானியக் குதிர்களை ஆராய்ந்து 1895-இல் யான்சன் என்ற ஜெர்மானியர் இதைக் கணக்காக எழுதினார். நீளமான கலன்களில் முதல் காசுக்கும் கடைசிக் காசுக்கும் குழிச்சக்கரம் ஒரே மாதிரி சுற்றுவதில் இதற்கும் பங்கு உண்டு.

ஆனால் இந்தக் குணம் ஒரு தொந்தரவையும் கூடவே கொண்டுவருகிறது. மணிகள் வெளியேறும்போது நடுவில் ஒரு புனல் உண்டாகி, நடுவிலிருப்பதும் மேலிருப்பதும் முதலில் இறங்கிவிடும். சுவரை ஒட்டிய மிட்டாய் அங்கேயே கிடக்கும். மேலே மேலே புதுச் சரக்கைக் கொட்டிக்கொண்டே போனால், ஓரத்தில் ஒட்டிய பழைய மிட்டாய் பல மாதங்கள் நகராது. நிறம் வெளிறி, ஈரம் இழுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, ஒருநாள் சக்கரத்தை அடைக்கும். வேர்க்கடலை என்றால் எண்ணெய் காறிப்போகும். ஆகவே மீதமிருப்பதை முழுக்க வெளியே எடுத்து, பழசானதைத் தள்ளிவிட்டு, குடுவையைத் துடைத்துக் காயவைத்து, புதியதை அடியிலும் நல்ல மிச்சத்தை மேலேயும் போடுவதே முறை. இதைக் கடைக்குள் நின்று செய்ய நேரம் பிடிக்கும். கழற்றி மாட்டும் கலனுள்ள இயந்திரமாக இருந்தால் வீட்டிலேயே சுத்தம் செய்து நிரப்பிய கலனைக் கொண்டுபோய் மாற்றிவிட்டு, பழைய கலனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். காசு வாங்கும் பாகம் சிக்கிக்கொண்டாலும் அப்படியே. அங்கேயே பிரித்துப் பார்க்காமல் உபரியாக ஒன்றை மாட்டிவிட்டு வர வேண்டும். கிளம்பும்முன் சொந்தக் காசு ஒன்றைப் போட்டுத் திருகிப் பார்த்துவிடுவது நல்லது. பூட்டிய குடுவை நிறைய மிட்டாய் இருந்தும் பிடி திரும்பாவிட்டால் அடுத்த முறை வரும்வரை வரவு இல்லை.

எவ்வளவு கொண்டுபோவது என்பதிலும் வடிவத்துக்குப் பங்கு உண்டு. உருண்டைகளைத் தாறுமாறாகக் கொட்டினால் கலனின் கொள்ளளவில் சுமார் 64 விழுக்காட்டை நிரப்பும், மிச்சமெல்லாம் இடைவெளி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பால் சைக்கின், சால்வடோர் டோர்குவாட்டோ குழுவினர் எம் அண்ட் எம்ஸ் மிட்டாய்களையே கொட்டி அளந்து, தட்டையான அந்த வடிவம் 68 விழுக்காடு வரை நிரப்புகிறது என்று 2004-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஆகவே கம் உருண்டைக்குப் போட்ட கணக்கை எம் அண்ட் எம்ஸுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு கலனுக்கும் ஒவ்வொரு மிட்டாய்க்கும் ஒருமுறை நிறுத்து எழுதிக்கொண்டால் தீர்ந்தது.

வெயிலும் ஓர் எதிரி. கோகோ வெண்ணெய் 34 பாகையை ஒட்டி உருகிவிடும். சாக்லேட் மிட்டாயின் சர்க்கரை மேலோடு உருகாமல் காத்தாலும், கோடையில் பூட்டிய வேனுக்குள் 50 பாகையை எளிதாகத் தாண்டும் வெப்பத்தில் அது வெடித்துச் சாக்லேட் கசியும். அட்லான்டா போன்ற தெற்கத்திய ஊர்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் படும் வாசல்களில் சாக்லேட்டை எடுத்துவிட்டுக் கம் உருண்டையோ சர்க்கரை மிட்டாயோ போடுவதுதான் புத்திசாலித்தனம். குளிர்சாதனம் உள்ள கடைகளுக்கான சாக்லேட்டை வெப்பம் தாங்கும் பெட்டியில் வைத்துக் காலையிலேயே கொடுத்து முடித்துவிட வேண்டும்.

இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவருக்கும், நம் ஊரில் தண்ணீர் கேனோ முறுக்குப் பாக்கெட்டோ லைன் போடுகிறவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். வழி காட்டும் மென்பொருளுக்குச் சந்தா கட்டுமுன் நல்ல தராசு ஒன்றும் நோட்டு ஒன்றும் வாங்குங்கள். மூன்று மாதம் ஒவ்வோர் இடத்துக்கும் தேதி, எடை, காலியா இல்லையா என்ற மூன்றையும் விடாமல் எழுதுங்கள். அதன்பிறகு ஒவ்வோர் இடத்தையும் 1, 2, 4, 8 என்ற நான்கு கட்டங்களில் ஒன்றில் போடுங்கள். மென்பொருள் வேண்டுமா என்று அப்போது முடிவு செய்யலாம்.